பெயர்: நான்தான்

1. மாதிரிப் பதிவுகளை எல்லாம் அழித்துவிடும்படி அலுவலகத்தில் என்னிடம் சொன்னார்கள்.

2. அழிக்கும் முன் ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். எதை அழிப்பதானாலும் அப்படிப் பார்ப்பது என் வழக்கம்.

3. பெரும்பாலானவை விளையாட்டுக்குப் போட்டவை. ஒரு தாத்தாவுக்கு ஐந்து மாதக் கர்ப்பம் என்றிருந்தது. ஒரு ஆட்டுக்குட்டிக்குத் தடுப்பூசி போட்டிருந்தார்கள்.

4. நடுவில் ஒரே ஆளுடைய இரத்த அழுத்தம் திரும்பத் திரும்பப் பதியப்பட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிடக் கூடியிருந்தது.

5. பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் "நான்தான்" என்று இருந்தது.

6. எந்தக் கைக்கணினியிலிருந்து, எங்கள் பேச்சில் எந்த டெப்பிலிருந்து, வந்த பதிவு என்று தேடினேன். அந்த டெப்பை வைத்திருந்தவள் ஏழு மாதம் முடிந்த கர்ப்பிணி.

7. அவளுக்குக் கோல் எடுத்தேன். அவளுடைய போன் உயிரோடு இல்லை.

இவ்வளவும் நடந்து முடிந்தபோது மேசையில் இருந்த என் தேத்தண்ணீர் இன்னும் சூடாகவே இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

நான் ஹட்டனில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்கிற சுகாதாரத் தொண்டர்களுக்கு ஒரு செயலி இருக்கிறது. அதைப் பழுதில்லாமல் ஓட வைப்பது என் பொறுப்பு. தொண்டர்கள் எல்லாரும் அந்தந்தத் தோட்டத்துப் பெண்கள். ஆளுக்கு ஒரு டெப், ஒரு பிரஷர் மெஷின், ஒரு தராசு கொடுத்திருக்கிறோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்ததை டெப்பில் பதிவார்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் பதிவு உள்ளே இருக்கும். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் எங்களுக்கு வந்து சேரும். அழுத்தம் கூடியிருந்தால் எங்கள் திரையில் சிவப்பு விழும், அந்தப் பகுதி மிட்வைஃபுக்கும் செய்தி போகும்.

மாதிரிப் பதிவுக்குச் சிவப்பு விழாது. அது பழகுவதற்கான பக்கம். திரை மஞ்சளாக இருக்கும். அங்கே எதைப் போட்டாலும் யாருக்கும் செய்தி போகாது. பழகுகிறவர்கள் பயப்படாமல் பழக வேண்டும் என்று நான் வேலைக்கு வருவதற்கு முன்பே அப்படிச் செய்து வைத்திருந்தார்கள். பெண்கள் அதற்கு "மஞ்சப் பக்கம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவளை முதன்முதலில் பார்த்தது பயிற்சி வகுப்பில். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்தாள். நானும் அந்தப் பக்கத்து லயத்தில் பிறந்தவள்தான். அது தெரிந்ததும் மற்றவர்கள் முன்னால் "மிஸ்" என்றும் தனியாக இருக்கும்போது "புள்ள" என்றும் கூப்பிட ஆரம்பித்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள்.

செயலியின் முதல் கட்டம் "முழுப்பெயர்". அதைப் படித்ததும் வகுப்பில் சிரிப்பு கிளம்பியது.

"மிஸ், இதுல முழுப்பேருனு கேக்குதே. போட்டா முழுப்பேர் கெடைக்குமா?"

"ஒனக்கா? நீ எடுக்குற கொழுந்துக்கு அரைப்பேரே பெருசுடி."

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர் போடுவார்கள், குறைந்தால் அரைப்பேர். செயலியைத் தமிழில் செய்த யாரும் ஒரு நாளும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்றதில்லை. நான் நின்றிருக்கிறேன், அதனால் நானும் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. டெப்பில் ஏதோ செய்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், என்னைப் பதிஞ்சு பாத்தேன். முடியாதுங்குது."

திரையில் ஒரு வரி வந்திருந்தது: பதிவு செய்பவரே பயனாளியாக இருக்க முடியாது. ஒரே ஆள் தனக்குத்தானே பொய்ப் பதிவு போடாமல் இருக்க வைத்த விதி அது. சொன்னேன். உங்களுடைய கார்ட் மிட்வைஃப் மிஸ்ஸிடம் இருக்கிறது, கிளினிக்கில் பார்ப்பார்கள், இது நீங்கள் பார்க்கிறவர்களுக்கு என்றும் சொன்னேன்.

"அப்ப ஊருக்கெல்லாம் முழுப்பேர் போடுற ஆளுக்கு அரைப்பேர்கூட இல்ல," என்றாள். அதற்குத்தான் எல்லாரும் அதிகமாகச் சிரித்தார்கள். அப்போது அவளுக்கு வயிறு வெளியே தெரிய ஆரம்பித்திருக்கவில்லை.

அன்று காலை திரைக்கு முன்னால் நான் என்னையே கேட்டுக்கொண்டது ஒன்றுதான். அந்த எண்கள் உண்மையா?

பொய்யாக இருக்க வழிகள் இருந்தன. பழகுவதற்காக வாய்க்கு வந்த எண்ணைப் போட்டிருக்கலாம். மெஷின் பழுதாக இருக்கலாம். எங்கள் குளிருக்கு எல்லாரும் சுவட்டரைக் கழற்றாமலே கையை நீட்டுவார்கள், பட்டியைச் சுவட்டருக்கு மேலே சுற்றிவிடுவார்கள், அப்போதும் எண் பிழையாக வரும். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றாக இருக்கவேண்டும் என்று விரும்பினேன். ஒவ்வொரு பதிவாகத் திறந்து குறிப்புக் கட்டத்தைப் படித்தேன்.

"இடது கை."

"வலது கை."

"சுவட்டர் கழட்டிட்டு."

"கொஞ்ச நேரம் குந்தியிருந்துட்டு மறுவாட்டி."

அதற்கடுத்த பதிவில் பெயர் "அம்மா" என்று இருந்தது. அந்த அம்மாவின் அழுத்தம் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. குறிப்பில், "அம்மாவுக்கு சரியாத்தான் காட்டுது." அதற்குக் கீழே மறுபடியும் "நான்தான்". மேல் எண் நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது.

எண்ணை இட்டுக்கட்டுகிற யாரும் இரண்டு கையிலும் அளக்கமாட்டார்கள். மெஷினைச் சந்தேகப்பட்டு அம்மாவின் கையில் கட்டிப் பார்த்தவள், மெஷின் சரி என்று தெரிந்த பிறகும் தனக்கு மறுபடி அளந்திருக்கிறாள். அந்தப் பதிவில் இருந்து இன்னொன்றும் தெரிந்தது. அவள் தாய் வீட்டில் இருக்கிறாள்.

அலுவலகத்தின் பொறுப்பாளரிடம் போனேன். அவர் கொழும்புக்காரர், கூட்டத்துக்கான படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டெஸ்ட் டேட்டாதானே?" என்றார்.

"ஆமா சேர். ஆனா ஆள் டெஸ்ட் இல்ல."

எழுந்து வந்து என் திரையைப் பார்த்தார். குறிப்புகளை நான் வாசித்துச் சொன்னேன். கேட்டதும் அவர் சொன்னார்: "நீங்க போங்க. கூட்டத்தை நான் பார்த்துக்கொள்றேன். ஒண்ணையும் அழிக்க வேணாம்."

மிட்வைஃபுக்குக் கோல் எடுத்தேன். அவர் சிங்களத்தில்தான் பேசுவார், நானும் சிங்களத்தில்தான் பேசினேன். என்னை நங்கி, தங்கை, என்றுதான் கூப்பிடுவார். பின்னால் குழந்தைகள் கத்துவது கேட்டது. எங்கேயோ கிளினிக்கில் இருந்தார்.

"அனே நங்கி, போன கிளினிக்குக்கு அவ வரவே இல்லையே. அதுக்கு முந்தி எல்லாம் நல்லா இருந்தது. எங்க இப்ப?"

"அம்மா வீட்டில மிஸ்."

"அம்மா வீடு எங்க?"

எங்களிடம் அது இல்லை. எங்கள் பதிவில் அவளுடைய விலாசம் புருஷன் வீட்டு லயம். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கட்டத்தில் அவளுடைய போன் நம்பரையே எழுதியிருந்தாள்.

"இடத்தைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அந்தப் பக்கத்து மிட்வைஃபுகிட்ட நான் பேசுறேன். நாளைக்குனு சொல்ல வேணாம் நங்கி. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வலிப்பு வந்தா வீட்டில யாருக்கும் ஒண்ணும் செய்ய முடியாது," என்றார்.

எனக்கு அது தெரியும். அபாய அறிகுறிகளைச் செயலியில் வரிசைப்படுத்தியவள் நான். தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்று வலி, முகம் வீங்குவது, வலிப்பு. எல்லாவற்றையும் அழகாகத் தட்டச்சு செய்து, பக்கத்தில் படம் வைத்து, சரி பார்த்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அந்த வரிசை தானாக மனதில் ஓட ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை. கடைசிச் சொல்லுக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

தலைப்பிரசவம் என்றால் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் பக்கத்தில் இன்னும் மாறவில்லை. பிள்ளை பிறப்பது ஆஸ்பத்திரியில்தான். ஆனால் அதுவரைக்கும் இருப்பது அம்மாவிடம். ஒரு கிளினிக்கில் பெயர் இருக்கும், ஆள் இன்னொரு மலையில் இருப்பாள். மற்றப் பெண்கள் அப்படிப் போகும்போது அவள்தான் டெப்பில் "இடம் மாறினார்" என்று பதிந்து, போகிற இடத்தைக் கேட்டு எழுதுவாள். அவள் போனதை யார் பதிவது?

தலவாக்கலை தாண்டியதும் சிக்னல் விட்டு விட்டு வந்தது. ரோடு வளைகிற ஒவ்வொரு முடக்கிலும் போனைத் தூக்கிப் பார்த்தேன். புதுப் பதிவு எதுவும் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. அளக்காமல் இருக்கிறாளா, அளந்தும் சிக்னல் இல்லையா, அல்லது அளக்க முடியாத நிலையா? நான் போட்டு வைத்த வரிசை மறுபடி ஓடியது.

அவள் புருஷன் வீட்டுத் தோட்டத்துக்குப் போய், மாமியாரைக் கொழுந்து மடுவத்தில் பிடித்தேன். பகல் கொழுந்து நிறுக்கும் நேரம். பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. மாமியார் என்னைக் கண்டதும் முதலில் கேட்டது இதுதான்:

"என்ன மிஸ், எம் மருமக டெப்பு கிப்பு ஒடச்சிட்டாளா?"

"இல்லம்மா. அவங்களோட பேசணும், போன் போகல."

"எங்க போவும்? பீலித் தண்ணியில விழுந்துருச்சு. அரிசிக்குள்ள போட்டு வச்சா சரியாயிரும்னாங்க. போன் சரியாவல, அரிசிதான் நாறிப்போச்சு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவரைப் பயமுறுத்த விருப்பம் இல்லை. மகனுடைய நம்பரைக் கேட்டேன். மகன் கொழும்பில் ஓட்டல் ஒன்றில் வேலை, வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், இருட்டின பிறகுதான் கிடைப்பான் என்றார்.

"அவங்க அம்மா வீடு எந்தத் தோட்டம்?"

"புதுத்தோட்டம்." அதற்குள் தராசுக்காரர் அவருடைய நம்பரைக் கூப்பிட்டார். நிறுத்ததும் வெறுஞ்சாக்கை உதறித் தலையில் போட்டுக்கொண்டு, "எதுக்கு மிஸ், ஏதும் பிரச்சினையா? எங்க வீட்டுல இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தா," என்று கேட்டார். கேட்டுக்கொண்டே மலைக்கு ஏறுகிற கூட்டத்தோடு நடந்தார். ஒரு பிரஷர் சோதனை, அவ்வளவுதான் என்றேன்.

புதுத்தோட்டம் என்றதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். டயகம ரோட்டில், ஆற்றைத் தாண்டினால் அதுதான். நின்றிருந்த பெண்களும் தாடையால் அந்தத் திசையைக் காட்டினார்கள். "இந்தா கெடக்கு. ஆட்டோவுல ஏறுனா எறங்க வேண்டியதுதான்."

தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், எங்களுக்கு ஒரு பெயர். செயலியில் இருப்பது ஆங்கிலப் பெயர். அந்தத் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் எனக்குத் தெரியும் என்பதால் மிட்வைஃபுக்கு உடனே சொன்னேன். அந்தப் பகுதிக்குச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். நான் ஆட்டோ பிடித்தேன்.

அங்கே முதலில் போனது பிள்ளை மடுவத்துக்கு. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். தோட்டத்துக்குள் யார் வந்தார்கள் போனார்கள் என்று அங்கே இருக்கும் ஆயாவுக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு குழந்தையை இடுப்பில் வைத்து இன்னொன்றுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் விவரம் சொன்னேன். பிரசவத்துக்கு வந்த பெண், அக்கரப்பத்தனைப் பக்கம் கட்டிக் கொடுத்தது, கையில் டெப் வைத்திருப்பாள்.

"எங்க தோட்டத்துல இப்ப வயித்துப் புள்ளக்காரி மூணே பேரு. மூணு பேரும் மருமகளுக. மகளுக யாரும் வரல."

"நல்லா யோசிச்சுப் பாருங்க அக்கா. புதுத்தோட்டம்னுதான் மாமியார் சொன்னாங்க."

"எந்தப் புதுத்தோட்டம்?"

இதுதானே என்று தரையைக் காட்டினேன்.

"பழசு இருக்குற எடத்துல எல்லாம் ஒரு புதுத்தோட்டம் இருக்கும் தங்கச்சி. ஒடப்புசல்லாவைப் பக்கம் ஒண்ணு இருக்கு, எங்க சின்ன மாமியாரக் குடுத்த எடம். அங்க இருந்து இந்தப் பக்கம் பொண்ணு எடுப்பாங்க. நீங்க அதக் கேக்காம இங்க வந்து நிக்கிறீங்க."

உடப்புசல்லாவை நுவரெலியாவுக்கும் அந்தப் பக்கம். நான் இருந்தது மலையின் இந்த மூலை. மாமியார் சரியாகத்தான் சொன்னார். கேட்ட நாங்கள் எல்லாரும் எங்களுக்குத் தெரிந்த புதுத்தோட்டத்தை நினைத்தோம். வேறு ஊர்க்காரி யாராவது கேட்டிருந்தால் எங்கே என்று இன்னொரு கேள்வி கேட்டிருப்பாள்.

மிட்வைஃபிடம் மறுபடி பேசினேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அந்தத் தோட்டத்துக்கு இங்கிலீஷ்ல என்ன பேர்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, ஆயாவுக்கும் தெரியவில்லை. "பஸ்காரன்ட்ட புதுத்தோட்டம்னா எறக்கிவிடுவான். இங்கிலீசுப் பேரு தொரைக்குத்தான் தெரியும்," என்றார் ஆயா. செயலியின் பட்டியலைத் திறந்தேன். உடப்புசல்லாவைப் பக்கம் எங்கள் திட்டத்திலேயே இல்லை. பட்டியல் நுவரெலியாவோடு முடிந்துவிட்டது.

பட்டியலை மூடிவிட்டு மாதிரிப் பதிவுகளை மறுபடி திறந்தேன். மஞ்சள் பக்கத்தில் ஒரு புது வரி, அப்போதுதான் வந்து சேர்ந்தது.

பெயர்: நான்தான்.

மேல் எண் நூற்றெழுபதைத் தொட்டிருந்தது. குறிப்பு: "தலை விண்ணுனு வலி. கண்ணு முன்னால மின்னுது."

ஆனால் ஒன்று தெரிந்தது. அவள் இந்த நிமிடம் சிக்னல் உள்ள இடத்தில் நிற்கிறாள். டெப்பில் இருப்பது டேட்டா சிம், அதற்குக் கோல் எடுக்க முடியாது. ஆனால் அலுவலகத்திலிருந்து டெப்புக்கு அறிவித்தல் அனுப்பலாம். கூட்டம் இருக்கிறது, மாதக் கடைசிக்குள் பதிவை முடியுங்கள் என்றெல்லாம் அனுப்புவோம். நான் எழுதினேன்: "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. காத்திருக்க வேணாம். மெஷின் சரி." அனுப்பினேன்.

"அனுப்பப்பட்டது" என்று வந்தது. "பெறப்பட்டது" என்பது வரவில்லை. திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். வரவில்லை.

"என்ன தங்கச்சி, மொகம் வெளுத்துப்போச்சு?" என்று ஆயா கேட்டார். சொன்னேன். அவர் ஊட்டிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"சின்ன மாமியார்ட்ட போன் இல்ல. ஆனா அங்க ரோட்டு முடக்குல ஒரு முஸ்லிம் நானா கடை இருக்கு. லயத்துல டவர் இல்ல. எல்லாருக்கும் சேதி அவர்ட்டதான் வரும், ரீலோடும் அங்கதான். நம்பர் எங்க வீட்டுக்காரர்ட்ட இருக்கு, இருங்க."

கணவருக்குப் போன் போட்டு, எதற்கு என்று அவர் கேட்டதற்கு, "நானாகூட ஓடிப்போவப் போறேன், நம்பரக் குடுங்க மொதல்ல," என்று கத்தி வாங்கித் தந்தார்.

நானா இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். நான் யார், எங்கிருந்து பேசுகிறேன், யாரைத் தேடுகிறேன் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன்.

"ஆ, அந்தப் பலகையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற புள்ளயா, மகள்? இப்ப கடைக்கு முன்னுக்குத்தான் நின்னுச்சு. நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. சோடா குடிக்கிறீங்களான்னு கேட்டேன், வேணாம்னு போயிட்டாங்க."

"போயிட்டாங்களா? எப்படி, நடந்தா?"

"நடந்துதான். லயம் மேல இருக்கு மகள், படி ஏறணும்."

நான் சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியத்தில் சொன்னேன். பிரஷர் மிகக் கூடிவிட்டது. நடக்கக் கூடாது. இப்போதே நுவரெலியா ஆஸ்பத்திரி.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. போனை வைக்காமலே யாரையோ ஆட்டோவை எடுக்கச் சொன்னது கேட்டது. பிறகு வீட்டுக்குள் திரும்பி, மனைவியைக் கூப்பிட்டு, கூடப் போகும்படி சொன்னார். "பொம்புளப் புள்ள, ஆம்புள மட்டும் போனா சரி வராது," என்று என்னிடம் விளக்கினார். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. கடைக்குச் சாமான் வரும் பில்லில் அந்த விலாசம்தான். நான் மிட்வைஃபுக்குச் சொன்னேன். இந்தத் தடவை எழுத்து எழுத்தாக.

அதற்குப் பிறகு எனக்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை. மடுவத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு குழந்தை வந்து என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடி விளையாடியது. நடந்துபோய்க்கொண்டிருக்கும் ஒரு பெண்ணையும் பின்னால் ஏறுகிற ஒரு ஆட்டோவையும் நினைத்துக்கொண்டிருந்தேன். எது முதலில் என்று தெரியாது.

நானாவின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவள்.

"என்ன புள்ள, ஆட்டோ எல்லாம் அனுப்பி வச்சிருக்க. லயமே வாசல்ல நிக்குது. ஏதோ களவாணியப் புடிச்ச மாதிரி."

"ஏறிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஏறிட்டேன். அம்மாவும் ஏறிட்டாங்க, நானா வீட்டம்மாவும் இருக்காங்க. மஞ்சப் பக்கத்த யாரும் பாக்கமாட்டாங்கனு சொன்னியே?"

"அழிக்கத்தான் பாத்தேன். நான் அனுப்பினது வரலையா?"

"ஏதோ சத்தம் வந்துச்சு. பேட்டரி கொறயுதுனு ஆஃப் பண்ணிட்டேன்."

"மெஷின் சரின்னு தெரிஞ்சிருக்கு. அம்மாவுக்கும் பாத்திருக்கீங்க. அப்புறம் ஏன்?"

"காட்டுனா வார்டுல போட்டுருவாங்க புள்ள. புள்ள பொறக்குற வரைக்கும் உடமாட்டாங்க. நானே எத்தன பேரக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்துருக்கேன். கல்யாணமாகி இப்பத்தான் அம்மாகூட இருக்க வந்தேன். இன்னும் ரெண்டு நாளு, இன்னும் ரெண்டு நாளுனு…" பிறகு குரல் மாறியது. "வெளிச்சம் கண்ணக் குத்துது. வச்சிரட்டுமா?"

"வையுங்க. கண்ணை மூடிக்கிட்டுச் சாஞ்சிருங்க," என்றேன்.

நான் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பார்வையாளர் நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. மிட்வைஃப் முன்கூட்டியே பேசியிருந்ததால் அவளை வாசலில் நிற்க வைக்காமல் நேராக உள்ளே கொண்டுபோனார்கள் என்று அம்மா சொன்னார். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அறையில் விளக்கைக் குறைத்திருந்தார்கள். அவள் முகம் வீங்கி, எனக்குப் பழக்கமில்லாத யாரோ போல இருந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "முழுப்பேர் கேட்டாங்க புள்ள. சொன்னேன்," என்றாள். சிரிக்க முயன்றாள். அவளுடைய அம்மா கட்டிலின் கால்மாட்டில், டெப்பை உடுப்புப் பையோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை என்னிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

வலிப்பு வரவில்லை. மருந்துக்கு அழுத்தம் கொஞ்சம் இறங்கியது, பிறகு ஏறியது. மறுநாள் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தால் அடங்கிவிடும் அளவு என்று அவள் புருஷன் என்னிடம் சொன்னான். கொழும்பிலிருந்து வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறான்.

அலுவலகத்தில் இதைப் பற்றிக் கூட்டம் நடந்தது. தொண்டர்களையும் பயனாளியாகப் பதிய வழி வேண்டும், மஞ்சள் பக்கத்தில் அளவு தாண்டினால் எங்களுக்காவது தெரிய வேண்டும், தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும், அதுவும் எந்த ரோட்டில் என்பதோடு. மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவதை நானே செய்யலாம் என்றார்கள், செய்ய ஆரம்பித்துவிட்டேன். புதுத்தோட்டம் என்ற பெயரில் இதுவரை நான்கு கிடைத்திருக்கின்றன. மற்ற இரண்டும் செயலியை உருவாக்கியவர்கள் செய்ய வேண்டியவை. பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. அதுவரை தினமும் காலையில் மஞ்சள் பக்கத்தை நான் படிக்கிறேன். யாராவது விளையாட்டுக்கு எண் போட்டிருந்தாலும் கோல் எடுத்துக் கேட்டுவிடுகிறேன். பெண்கள் என்னைக் கேலி செய்கிறார்கள். "மிஸ், நேத்து எங்க ஆட்டுக்குட்டிக்குப் பிரஷர் கூடிருச்சு, வரலையா?" என்றாள் ஒருத்தி. எனக்கு அது பரவாயில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நேற்றைய நிலவரம் இதுதான். அவளை வார்டிலிருந்து விட்டுவிட்டார்கள், ஆனால் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குப் பக்கத்தில் தாய்மாருக்கான அறையில் தங்கியிருக்கிறாள். இரண்டு நேரமும் மாத்திரை. அழுத்தம் இன்னும் பழையபடி ஆகவில்லை. குழந்தைக்கு மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள். பால் குழாய் வழியாகத்தான் போகிறது. கடைசியாக நிறுத்தபோது எடை சற்றுக் கூடியிருந்தது, அதற்கு முந்திய தடவை குறைந்திருந்தது. எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பெயர் இன்னும் வைக்கவில்லை.